கடலுக்கு முதுகு காட்டி நின்ற ஒரு வாரம்

கல்யாணம் முடிந்த கையோடு நானும் என் மனைவியும் கடல் பார்க்கப் போனோம். ஒரு வாரம் கடலோரத்திலேயே கிடந்தோம். அந்த ஒரு வாரத்தில் அவள் கடலைப் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்தால் ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் தேறும். மிச்ச நேரமெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். கடல் என்ன நினைத்துக்கொண்டதோ தெரியாது. இதற்கெல்லாம் காரணம் ஒரு கப்பல். அந்தக் கப்பலை விட்டவன் நான்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர். மாஸ்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகள் எந்த விரலால் எந்த எழுத்தைக் குத்துகிறார்கள் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே ரிப்பன் மாற்றுகிற வேலை. ரிப்பன் மை விரலில் ஏறினால் இறங்காது. பெண் பார்க்கப் போன அன்று சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன் ரொம்ப அடக்கம் என்று பெண் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். என் வாழ்க்கையில் என்னை அடக்கம் என்று யாராவது சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பெண் இருந்தது கல்வராயன் மலைமேல், கரியாலூரில். அவளுடைய அப்பா கீழேயிருந்து மலையேறிப் போய் பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டவர். நான் மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே காலமாகிவிட்டார். கடையை அவள் அம்மா, அதாவது என் அத்தைதான் நடத்திக்கொண்டிருந்தார். ஒரே பெண். அம்மாவும் பெண்ணும் ஒரு நாள்கூடப் பிரிந்திருந்தவர்கள் இல்லை.

கடைக்குக் கொஞ்சம் தள்ளி, மலைப்பாதை திரும்புகிற இடத்தில் ஒரு பாறை உண்டு. விடிகாலையில் அதன்மேல் ஏறி நின்று கிழக்கே பார்த்தால் வயலும் ஏரியும் ஊரும் எல்லாம் மூட்டத்துக்குள் கிடக்கும். அதற்கும் அப்பால், வானம் தரையைத் தொடுகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைத்தான் மலைமேல் எல்லோரும் சமுத்திரம் என்பார்கள். மறுவீட்டுக்குப் போயிருந்தபோது அத்தை என்னை அந்தப் பாறைக்கு அழைத்துப் போனார்.

"நீங்க கடல கிட்டத்துல பாத்திருக்கீங்களா மாப்ள?"

"இன்னா அத்தை இப்டி கேட்டுட்டீங்க? எங்கக்கா வூடே பாண்டிச்சேரிதான். கடல் பக்கம்."

அக்கா வீட்டிலிருந்து கடலுக்கு ஒரு பஸ் ஏறி, இறங்கி, இன்னும் ஒரு மைல் நடக்க வேண்டும். அதைச் சொல்ல அது சமயமில்லை.

"அப்ப அது கடல்தானுங்களே?"

"கடலேதான். அதோ பாருங்க, கோட்டுக்கு இந்தாண்ட. குச்சி மாரி நிக்குதே, பொக உட்டுகினு. கப்பல்."

அது எங்கள் ஊர் நெல் அவிக்கிற மில்லின் புகைக்கூண்டு. எனக்கு நன்றாகத் தெரியும். அதன் சாம்பல் எங்கள் தெருவில்தான் வந்து விழும். அதைத் திட்டாமல் எங்கம்மா ஒரு நாளும் துணி காயப்போட்டதில்லை. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனால் தாயும் மகளும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்களா, சொன்ன கப்பலைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. புது மாப்பிள்ளை முறுக்குக்கு ஒரு கப்பல்கூட இல்லாவிட்டால் எப்படி?

என் மனைவி கப்பலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இங்கருந்து கப்பல் தெரியுதுன்னா, அங்கருந்து இந்த மலை தெரியாமயா பூடும்? கப்பலவிட மலை பெருசு இல்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அத்தைக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அங்கேயே திட்டம் போட்டார்கள். நாங்கள் பாண்டிச்சேரி போகிற நாட்களில், காலையில் வெயில் ஒரு பனை உயரம் ஏறியதும் அத்தை இந்தப் பாறைமேல் புகை போட வேண்டியது. என் மனைவி சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு கடற்கரையில் நின்று கையாட்ட வேண்டியது.

"காஞ்ச சருகு மேல பச்ச புல்ல அள்ளிப் போட்டா பொக வெள்ளையா நிக்கும். காத்துல கலையாது. அத பாத்தா நானு. நீ கையாட்டனா, நல்லா இருக்கறன்னு நான் தெரிஞ்சிக்கறேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். கணவரைப் பறிகொடுத்துவிட்டு, ஒரே மகளையும் கீழே அனுப்பிவிட்டு, இனிமேல் சாயங்காலம் கடைப்பலகையைத் தனியாக எடுத்துச் சாத்தப்போகிறவர் அவர். விளையாட்டுக்குப் பேசுகிற முகமாக அது இல்லை. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு வாரம் சாலை மறியல் என்று எங்கள் ஊர்ச் சுவர்களிலெல்லாம் எழுதியிருந்தார்கள். எங்கள் தெருமுனையிலேயே கூட்டம் போட்டுத் தேதியைச் சொன்னார்கள். நானும் நின்று கேட்டேன். கையும் தட்டினேன். ஆனால் புது மாப்பிள்ளைக்குத் தேதியா ஞாபகம் இருக்கும்? மறியல் தொடங்குவதற்கு முதல் நாள் சாயங்காலம், எங்களைப்போல விவரம் இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போன கடைசி பஸ்களில் ஒன்றில் பாண்டிச்சேரி போய் இறங்கினோம்.

"டேய், ஊரே வூட்ட பூட்டிக்கினு குந்தியிருக்குது, நீ பொண்டாட்டிய கூட்டிக்கினு ஊர் சுத்த வந்தியா?" இது அக்காவின் வரவேற்பு. "ரெண்டு நாள்ல போறேன்னு எழுதனியே, எப்டி போவ? நீந்தியா?"

மறுநாள் விடிந்ததும் என் மனைவி கல்யாணச் சிவப்புப் புடவையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். பாண்டிச்சேரிக்குள் ஓடிய உள்ளூர் பஸ்ஸைப் பிடித்துக் கடற்கரை ரோட்டுக்குப் போனோம். மணல் என்று பேருக்குக்கூட இல்லை. கரை நெடுகக் கருங்கல் கொட்டி, அதற்கு இந்தப் பக்கம் சுவர் கட்டி, அதற்கும் இந்தப் பக்கம் சிமெண்டு போட்டுப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். அவள் கடலைப் பார்த்தாள்.

"யம்மா, எவ்ளோ தண்ணி! இது எந்த ஊருக்குப் பாயுது?"

"எந்த ஊருக்கும் பாயாது."

"இவ்ளோ தண்ணியும் சும்மாவா கெடக்குது?" என்று அதன்மேல் ஒரு ஏளனப் பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். "சரி, மலை எங்க?"

எதிரே வரிசையாகப் பெரிய பெரிய வெள்ளைக் கட்டடங்கள். சர்க்கார் ஆபீஸ், ஓட்டல், மாடி வீடு. அவற்றுக்குப் பின்னால் மரங்கள். மேற்கு என்று ஒரு திசை இருப்பதற்கான அடையாளமே இல்லை. நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவர் மட்டும் அவர்களுக்கு எதிராகத் திரும்பி, ஓட்டல் மாடியில் காயும் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கமாக வந்த சுண்டல்காரர் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துக்கொண்டார்.

"புதுசுல அப்டிதான் இருக்கும் தம்பி. ஒரு பொட்லம் வாங்கி குடு, சரியா பூடும்."

வாங்கிக் கொடுத்தேன். சுண்டலைத் தின்றுகொண்டே கலங்கரை விளக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அதன்மேல் ஏறினால் தெரியுமாம். வாசலில் இருந்த காவல்காரரிடம் நான் பேச்செடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"கொஞ்சம் மேல உடுங்க. எங்கம்மாவ பாக்கணும்."

"உங்கம்மா மேல இருக்கறாங்களா?"

"இல்லீங்க. கரியாலூர்ல இருக்கறாங்க."

அவர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "பொண்ணுக்கு எத்தினி நாளா இப்டி?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது செய்திகள் வந்திருந்தன. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள், விழுப்புரம் பக்கம் ஒரு வண்டி நகரவில்லை. அப்புறம் வேறு செய்திகளும் வந்தன. துப்பாக்கிச் சூடு, சாவு. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களும் மறியலில் இருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தோமே தவிர யாரும் சாப்பிடவில்லை. நான்கூட.

படுக்கும்போது அவள் சொன்னாள்: "மலைக்கு பஸ்ஸு போயிருக்காது. பஸ்ஸு வரலன்னா கீழ இன்னாமோ நடக்குதுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். இன்னா நடக்குதுன்னு தெரியாது. தந்தி போவுமா?"

"போவாது."

"அப்ப அந்த பொகை ஒண்ணுதான்."

அதுவரைக்கும் எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. அந்த இருட்டில் கேட்டபோது இல்லை.

மறுநாள் ஒரு வாடகை சைக்கிள் எடுத்தேன். அவளைக் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு, மேற்கு திறந்திருக்கிற ஒரு கடற்கரையைத் தேடிப் புறப்பட்டோம். கடற்கரையில் வந்து மேற்கைத் தேடினவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

முதலில் தெற்கே போனோம். அங்கே மணல் இருந்தது. கரைக்குப் பின்னால் ஒரு ஆலையும் அதன் கிடங்குகளும் நீளமாகப் படுத்திருந்தன. ஒரு புகைக்கூண்டிலிருந்து புகை கிளம்பியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதோ பொக!" என்று கத்தினேன்.

அவள் ஒரு வினாடிகூடப் பார்க்கவில்லை. "அது கரும்பொகை. எங்கம்மா போடறது வெள்ளையா இருக்கும்னு சொன்னாங்க இல்ல? பச்சப் புல்லு பொகைக்கும் கண்டத எரிச்ச பொகைக்கும் வித்தியாசம் தெரியாதா? இன்னா மாஸ்டரோ!" என்றாள்.

அடுத்த நாள் வடக்கே. அங்கே கடற்கரை இன்னும் நாகரிகமாகிவிட்டிருந்தது. விருந்தினர் மாளிகை, கூரை வேய்ந்த குடில்கள், பணக்காரர்கள் வாரக்கடைசிக்கு வந்து தங்குகிற பங்களா. ஒவ்வொன்றுக்கும் கடல் பக்கம் மட்டும் திறந்திருக்கும். மற்ற மூன்று பக்கமும் ஆளுயரச் சுவர், சுவர்மேல் பாட்டில் கண்ணாடி. சுவர் இல்லாத இடத்தில் தென்னந்தோப்பு. தென்னை இல்லாத இடத்தில் சவுக்குத்தோப்பு, சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக. கடலைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு செலவு செய்தவர்கள், வந்த வழியைப் பார்க்க ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. ஒரு பங்களாச் சுவரில் நான் எம்பித் தொங்கி அந்தப் பக்கம் மலை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது ஒரு நாய். அது என்னைவிட வேகமாக எம்பியது. சட்டையின் பின்பக்கத்தை அதனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

"நல்லவேளை, சட்ட மட்டும்தான் மேற்க போச்சு" என்று கேரியரிலிருந்து குரல் வந்தது. அந்த ஊருக்கு வந்தபிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். அதற்காக இன்னொரு சட்டையும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அதற்கு அடுத்த நாள் ஒரு மீனவர் குப்பத்துக் கரை. படகுகளுக்கும் வலைகளுக்கும் நடுவே, இரண்டு வீடுகளுக்கு இடையில் ஒரு சந்து மேற்குப் பார்த்து இருந்தது. அந்தச் சந்துக்கு நேராக நிற்க வேண்டுமென்றால் தண்ணீர் ஓரத்துக்குப் போக வேண்டும். போய் நின்றோம், வழக்கம்போலக் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு. மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாம்மா, இன்னா பாக்கற?"

"மலை தெரியுதான்னு பாக்கறேங்க."

"மலை பாக்கணும்னா மலைக்கு போவணும். இங்க வந்து இன்னா வேலை? கடலுக்கு முதுகு காட்டாத. அதுக்கு புடிக்காது."

அவர் சொல்லி வாயை மூடவில்லை. பின்னாலிருந்து ஒரு அலை வந்தது. நான் விழுந்து, என்மேல் அவள் விழுந்து, எங்கள் இருவர்மேலும் கடல் விழுந்தது. எழுந்தபோது வாயில் உப்பு, காதில் மணல், என் செருப்பில் ஒன்று இலங்கைக்குப் புறப்பட்டுவிட்டது. குப்பமே கூடிச் சிரித்தது. கல்யாணப் புடவையின் சிவப்புச் சாயம் என் வெள்ளை வேட்டியில் பாதிக்கு இறங்கியிருந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அடிபட்டுவிட்டதா என்று கேட்டேன்.

"வெயில் பனை ஒசரம் வந்திடுச்சி" என்றாள். "அம்மா இன்னேரம் போட்டிருப்பா. இத்தினி நாளா போட்டுக்கினே இருப்பா. நான் ஒருநாளுகூட கையாட்டல."

ஈரப்புடவையோடு கேரியரில் உட்கார்ந்து வந்தாள். வழி முழுக்க நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கப்பல் விவகாரத்தை அப்போது உடைத்துச் சொல்லிவிட்டால் என்ன என்று யோசித்தேன். அது கடல் இல்லை, ஏரிகளோ பனியோ. அங்கிருந்து இங்கே தெரியாது, இங்கிருந்து அங்கேயும் தெரியாது என்று. ஆனால் அதைச் சொன்னால், அத்தனை நாளும் காலையில் அத்தை போட்ட புகை யாருக்காக?

சிவப்புப் புடவை காயவில்லை. அடுத்த நாள் அக்கா தன்னுடைய நீலப் புடவை ஒன்றைக் கொடுத்தார். "எந்தக் கலரா இருந்தா இன்னாம்மா, ஆளு ஒண்ணுதான?" என்றார். அக்காவும் அதற்குள் எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தார்.

வடக்கே பாண்டிச்சேரி எல்லை வரைக்கும் சைக்கிளை மிதித்தேன். எல்லைக்குக் கிட்டே, முந்தாநாள் சவுக்குத்தோப்பு என்று திரும்பிவந்த அதே இடத்தில், தோப்பைக் காணோம். நெடுக வெட்டிச் சாய்த்து, இழுத்துக்கொண்டுபோய் ரோட்டில் போட்டிருந்தார்கள். மரத்தின்மேல் கொடியோடு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தோப்பு இருந்த இடத்தில் அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு அப்பால் மேற்கு. செம்மண் மேடும் பனைகளும் தாண்டி, வானம் இறங்குகிற வரைக்கும் அப்படியே திறந்து கிடந்தது.

கடற்கரை மணலில் அவள் இறங்கி ஓடினாள். முந்தின நாள் பெய்த மழையில் காற்று கழுவிவிட்டதுபோல இருந்தது. வெயில் சரியாக ஒரு பனை உயரம்.

மரத்தின்மேல் இருந்தவர்களில் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "யாருப்பா நீ? எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிங்க."

"அங்க எப்டி இருக்குது? மரம் உழுந்துதா?"

"உழுந்திருக்கும்ங்க. நான் இங்க மாட்டிக்கினேன்."

"அந்தப் பொண்ணு இன்னா பாக்குது?"

சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர் எழுந்து மேற்கே திரும்பி, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். உடனே மற்றவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். வீட்டை விட்டு வந்து நாலைந்து நாளாக ரோட்டில் கிடக்கிறவர்கள். அவரவருக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஒன்று இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். நாங்கள் தனியாக இல்லை என்பது எனக்கு ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது.

"மலை ஒண்ணும் தெரியலியேம்மா" என்றார் பெரியவர். "வழி தொறந்ததும் பஸ் ஏறிப் போயி நேரா பாரு."

"எப்ப தொறப்பீங்க?"

"கேட்டத குடுத்தா தொறப்போம்."

"சீக்கிரம் குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது பனைகளுக்குப் பின்னால் ஒரு புகை எழும்பியது. அடுத்த மறியலில் டயர் கொளுத்தியிருக்கிறார்கள். காக்கைக் கருப்பு. கெட்டியாகச் சுருண்டு சுருண்டு மேலே போயிற்று. ரப்பர் நாற்றம் கடற்கரைக்கே வந்தது. நான் அவளைப் பார்த்தேன்.

அவள் அந்தப் புகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீலப் புடவையின் தலைப்பை எடுத்து, இரண்டு கையாலும் உயரப் பிடித்து, ஆட்டினாள். கை ஓயும்வரை ஆட்டினாள்.

"அம்மா பொகதான்" என்றாள். "போலாமா?"

பச்சைப்புல் புகைக்கும் கண்டதை எரித்த புகைக்கும் வித்தியாசம் சொல்லித்தந்தவள் அவள். சைக்கிளைத் திருப்பினேன். திரும்புகிற வழியில் கொஞ்ச தூரம் அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறியல் முடிந்து பஸ் விட்டதும் கிளம்பிவிட்டோம். வழி நெடுக வெட்டுப்பட்ட புளியமரங்கள். வடக்கனந்தல் தாண்டி மலை கண்ணில் பட்டபோது அவள் என் கையை அழுத்தினாள். நகக்குறி ரெண்டு நாள் இருந்தது. கரியாலூரில் பஸ் நின்றதும் அத்தை கடையிலிருந்து ஓடிவந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. புருவம் ஒரு பக்கம் கருகியிருந்தது. ஒரு நாள் விடாமல் புகை போட்டிருக்கிறார்.

"தெனம் பாத்தேன்டி" என்று மகளைக் கட்டிக்கொண்டு சொன்னார். "மொதல்ல ஒண்ணுந் தெரியல. அப்புறம் ஒரு நாளு மழ உட்ட காலைல, சேப்பா, இத்தினியூண்டு, கையாட்னியே! நல்லாத் தெரிஞ்சிச்சி. அப்புறம்தான் எனக்கு சோறு எறங்குச்சி."

அந்தக் காலையில் அவள் கட்டியிருந்தது நீலம். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஆமாம்மா. உன் பொகையும் தெரிஞ்சிச்சி."

"வெள்ளையாவா?"

"வெள்ளையா."

இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் இப்படி நேருக்கு நேர் நின்று புளுகுவதை நான் பார்த்ததில்லை. இந்தத் தொழிலில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு என்பதால், நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"கப்பல் தெரிஞ்சிதா அத்தை?" என்றேன்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தெரியாம இன்னாங்க மாப்ள? நீங்க காட்ன எடத்துலயேதான் நிக்குது. நெல்லு அவிய அவிய பொக உட்டுகினு."

டீ போட உள்ளே போய்விட்டார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் கப்பலைப் பற்றிப் பேசவே இல்லை.

அத்தை போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கடை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கு பஜ்ஜி போடுகிறார்கள். நாங்கள் சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில், மகன் வாங்கிய ஒன்பதாவது மாடி வீட்டில் இருக்கிறோம். அன்றைக்கு நாங்கள் சைக்கிளில் தேடித் திரிந்த கரையில் அங்கங்கே ஒரு சந்தாவது இருந்தது. இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சுவர் ஒட்டிச் சுவர். ஆழிப்பேரலை வந்து போனபின் இன்னும் உயரமாகக் கட்டினார்கள். வீடு பார்க்க வந்த அன்று புரோக்கர் ஹாலின் கண்ணாடிக் கதவைத் திறந்து, தன் சொந்தச் சொத்தைக் காட்டுவதுபோலக் கடலைக் காட்டினார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பின்னாடி இன்னா தெரியும்?" என்று கேட்டாள். அவருக்கு விளங்கவில்லை. துணி காயப்போடுகிற ஒரு சின்ன பால்கனி பின்னால் இருந்தது. அது மேற்குப் பார்த்து இருந்தது. அதற்காகத்தான் இந்த வீட்டுக்குச் சரி சொன்னோம் என்று மகனுக்கு இன்றுவரை தெரியாது.

காலையில் எழுந்ததும் அவள் அங்கே போய் நிற்பாள். வெயில் வீட்டின் நிழலை அந்தப் பக்கம் நீளமாக விழவைத்திருக்கும். சதுப்பு நிலம், அதற்கு அப்பால் கட்டடம், அதற்கு அப்பால் புழுதி. கல்வராயன் மலை எந்த மூலையில் இருக்கும் என்பது எனக்குக்கூட இங்கிருந்து சரியாகத் தெரியாது. காப்பியை எடுத்துக்கொண்டு நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேன். முன்பெல்லாம் அவளைச் சீண்டத்தான் போய் நின்றேன். இப்போது எனக்கும் கால் தானாக அங்கே போகிறது. நெல் அவிக்கிற வாசனை, மில் சாம்பல், எங்கம்மாவின் திட்டு எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

"இன்னிக்கி தெரியுதா?" என்று கேட்பேன்.

"மேகமா இருக்குது" என்பாள். தினமும் அதே பதில்தான்.

போன வாரம் ஒரு நாள் காலை, சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் குப்பைமேட்டில் தீப்பிடித்து, கன்னங்கரேலென்று ஒரு புகை கிளம்பியது. அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நானும் பால்கனிக் கதவைச் சாத்தப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் துண்டை உருவி, கம்பிக்கு வெளியே நீட்டி, மெதுவாக ஆட்டினாள்.

"அம்மாவுக்கு இன்னிக்கி பச்சப் புல்லு கெடைக்கல போல" என்றாள். "டயர போட்டுட்டா."